திருச்சியிலிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்? விமானப் பயணக் கணக்கு ஓர் அறிமுகம்

திருச்சிராப்பள்ளி விமான நிலையத்தை மையமாக வைத்து, உலக உருண்டையின் மேல் 3,000 கிலோமீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் வரைந்தால், அந்தக் கோடு கிழக்கே சிங்கப்பூரையும் மேற்கே துபாயையும் ஏறத்தாழ உரசிக்கொண்டு போகும். சாங்கி விமான நிலையம் சுமார் 2,980 கி.மீ. தொலைவிலும், துபாய் விமான நிலையம் சுமார் 2,940 கி.மீ. தொலைவிலும் இருக்கின்றன. கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், மன்னார்குடி என்று டெல்டாவின் எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும், வெளிநாட்டுக்குச் சம்பாதிக்கப் போனவர்களில் பலர் இந்த இரண்டு திசைகளில் ஒன்றில்தான் போயிருப்பார்கள். இரண்டு திசைகளும் நமக்குச் சம தூரம் என்பதைப் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். அதற்குக் காரணமும் உண்டு. விமான டிக்கெட்டைப் பார்த்தால் அப்படித் தோன்றாது.

ஒரு மாதிரிக்கு இப்படி வைத்துக்கொள்வோம். திருச்சியில் அதிகாலை 1 மணிக்குப் புறப்படும் விமானம் சிங்கப்பூரில் காலை 7.45-க்கு இறங்குகிறது என்று ஒரு டிக்கெட்டில் அச்சிட்டிருக்கிறது. இன்னொரு டிக்கெட்டில், திருச்சியில் காலை 10 மணிக்குப் புறப்படும் விமானம் துபாயில் பகல் 12.45-க்கு இறங்குகிறது. கழித்துப் பார்த்தால் முதல் பயணம் ஆறே முக்கால் மணி நேரம், இரண்டாவது பயணம் இரண்டே முக்கால் மணி நேரம் என்று விடை வருகிறது. உண்மையில் இரண்டு விமானங்களும் நாலே கால் மணி நேரம்தான் பயணம் செய்கின்றன. சிங்கப்பூர்க் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. துபாய்க் கடிகாரம் ஒன்றரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. முதல் விடையில் இரண்டரையைக் கழித்து, இரண்டாவது விடையில் ஒன்றரையைக் கூட்டினால் கணக்கு நேராகிவிடும்.

ஆக, பூமியின் மேல் அளக்கும் தூரம், விமானம் அதைக் கடக்க எடுத்துக்கொள்ளும் நேரம், இரண்டு ஊர்க் கடிகாரங்கள் காட்டும் மணி ஆகிய மூன்றும் வேறு வேறு கணக்குகள். டிக்கெட்டில் அவை ஒன்றன்மேல் ஒன்றாக அச்சாகி நிற்பதால்தான் குழப்பம் வருகிறது. பிரித்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் எளிமையானதுதான்.

தூரத்தை எங்கே அளக்கிறோம்

பள்ளிக்கூடச் சுவரில் தொங்கும் உலக வரைபடத்தில் திருச்சியையும் நியூயார்க்கையும் ஓர் அளவுகோலால் இணைத்தால், கோடு அரபிக் கடலைத் தாண்டி, ஏமன், சூடான், சகாரா பாலைவனம் வழியாக அட்லாண்டிக் பெருங்கடலில் இறங்கி, அமெரிக்கக் கரையைத் தொடும். அந்த வழியே உண்மையாகவே பறந்தால் சுமார் 15,400 கி.மீ. பறக்க வேண்டியிருக்கும். ஆனால் திருச்சிக்கும் நியூயார்க்குக்கும் இடையிலான மிகக் குறைந்த தூரம் சுமார் 13,600 கி.மீ.தான். ஏறக்குறைய 1,750 கி.மீ. மிச்சமாகும் அந்த வழி, திருச்சியிலிருந்து மேற்கே போகாமல் வடக்கும் வடமேற்குமாகக் கிளம்பி, மத்திய ஆசியாவையும் ரஷ்யாவையும் கடந்து, ஐஸ்லாந்துக்கு அருகே வடதுருவ வட்டத்தைக் கிட்டத்தட்ட எட்டிப்பிடித்து, அங்கிருந்து கனடாவின் கிழக்குப் பகுதி வழியாக இறங்குகிறது.

அவ்வளவு வடக்கே ஏறி இறங்கும் வழி எப்படிக் குறுகலாகும் என்ற ஐயம் நியாயமானது. வீட்டில் சிறிய உலக உருண்டை ஒன்று இருந்தால், பூக்கட்டும் நார் ஒன்றை எடுத்து அதன் ஒரு முனையைத் தமிழ்நாட்டின் மேலும் மறுமுனையை நியூயார்க்கின் மேலும் அழுத்திப் பிடித்து, தொய்வில்லாமல் இழுத்துப் பார்க்கலாம். நார் தானாகவே வடக்கே வழுகி ஐஸ்லாந்துப் பக்கம் போய் நின்றுகொள்ளும். இழுத்துப் பிடித்த நார் எந்த வழியில் நிற்கிறதோ அதுவே அந்த இரண்டு ஊர்களுக்கும் இடையிலான குறுக்கு வழி. அதை இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டே போனால், அது பூமியைச் சரிபாதியாக வெட்டும் ஒரு முழு வட்டமாகும். இதைப் பெருவட்டம் என்றும், அதன்மீது அளந்த தூரத்தைப் பெருவட்டத் தூரம் என்றும் சொல்கிறார்கள். விமானத் தூரத்தைக் கணக்கிட்டுத் தரும் செயலிகளும் இணையப் பக்கங்களும் காட்டும் எண் பெரும்பாலும் இதுதான்.

வடக்கே போவதால் தூரம் எங்கே மிச்சமாகிறது என்பதற்குக் கணக்கே பதில் சொல்கிறது. பூமியைக் கிழக்கு மேற்காக 360 பாகைகளாகப் பிரித்திருக்கிறோம். நிலநடுக்கோட்டில் ஒரு பாகையின் அகலம் சுமார் 111 கி.மீ. திருச்சி இருக்கும் அட்சரேகையில் அது சுமார் 109 கி.மீ.; 60 பாகை வடக்கே போனால் அதில் சரிபாதி, அதாவது 56 கி.மீ.க்கும் சற்றுக் குறைவு. திருச்சிக்கும் நியூயார்க்குக்கும் இடையே 150 பாகைக்கும் மேல் கடந்தாக வேண்டும். அந்தப் பாகைகள் ஒடுங்கிக் கிடக்கும் வடபகுதியில் கடந்தால் செலவு குறைவு. அவை அகன்று கிடக்கும் சகாரா பக்கத்தில் கடந்தால் செலவு அதிகம். சுவர் வரைபடம் இந்த உண்மையை மறைத்துவிடுகிறது. கப்பலோட்டிகள் திசைகாட்டியை வைத்து வழி பிடிப்பதற்காக 1569-இல் மெர்கேட்டர் வகுத்த முறையைத் தழுவிய வரைபடங்களில், வடக்கே போகப் போக எல்லாம் பெருத்துக் காட்டப்படுகின்றன. ஆப்பிரிக்காவில் பதினான்கில் ஒரு பங்குதான் இருக்கும் கிரீன்லாந்து, அதில் ஆப்பிரிக்கா அளவுக்கு விரிந்து கிடக்கும். கப்பலுக்குப் பயன்பட்ட அந்த வசதியை விமானத் தூரத்துக்கு அளவுகோலாகப் பயன்படுத்தக் கூடாது.

சிங்கப்பூர், கொழும்பு போன்ற பக்கத்து ஊர்களுக்கு இந்த வேறுபாடு பொருட்படுத்தத் தக்கதல்ல. நிலநடுக்கோட்டுக்கு அருகில் கிழக்கு மேற்காகப் போகும் வழிகளில், சுவர் வரைபடத்தின் நேர்கோடும் பெருவட்டமும் ஏறத்தாழ ஒன்றேதான். ஊர்கள் தொலைவாகவும் வடக்காகவும் ஆக ஆகத்தான் வரைபடத்தில் விமான வழி வில்லாக வளைகிறது. விமானத்தில் இருக்கைக்கு முன்னால் உள்ள திரையில் அந்த வளைவைப் பார்த்துவிட்டு, விமானி சுற்றிக்கொண்டு போகிறார் என்று நினைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர் நேராகத்தான் போகிறார், வளைந்திருப்பது படம்தான்.

அலகு பற்றியும் ஒரு சொல். ஒரே தூரம் 2,980 கிலோமீட்டர் என்றும், 1,850 மைல் என்றும், 1,610 கடல் மைல் என்றும் மூன்று விதமாகத் தரப்பட்டிருக்கக் காணலாம். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ.; அட்சரேகையில் ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் வரும் ஒரு கலையின் நீளம் அது. விமானிகள் இன்றும் அதில்தான் கணக்கு வைக்கிறார்கள்.

தூரம் நேரமாக மாறும்போது

இன்று பயணிகள் விமானங்கள் 10 முதல் 12 கி.மீ. உயரத்தில் பறக்கின்றன. திருச்சிக்கு வந்து போகும் நடுத்தர விமானங்களின் வேகம் மணிக்குச் சுமார் 830 கி.மீ.; கண்டம் தாண்டும் பெரிய விமானங்களின் வேகம் சுமார் 900 கி.மீ. தூரத்தை இந்த வேகத்தால் வகுத்தால் நேரம் வந்துவிடும் என்று எண்ணுவது இயல்பு. 2,980-ஐ 830-ஆல் வகுத்தால் மூன்று மணி 35 நிமிடம் வருகிறது. டிக்கெட்டோ நான்கு மணிக்குமேல் என்கிறது. மீதி எங்கே போனது?

டிக்கெட்டில் உள்ள புறப்பாட்டு நேரம், விமானம் தரையை விட்டு எழும்பும் நேரம் அன்று. கதவை மூடிக்கொண்டு, நின்ற இடத்தை விட்டு விமானம் நகரத் தொடங்கும் நேரம் அது. வந்து சேரும் நேரமும் அதுபோலவே, சக்கரம் தரையைத் தொடும் நேரத்தைக் குறிக்காமல், ஊர்ந்து போய் முனையத்தருகே நிற்கும் நேரத்தைக் குறிக்கிறது. இடையில் ஓடுபாதை வரை ஊர்தல், முறைக்காகக் காத்திருத்தல், மேலேறுவதற்கு ஏறக்குறைய அரை மணி நேரம் மெதுவாகப் பறத்தல், இறங்கும்போது அதே அளவு மெதுவாகப் பறத்தல், இறங்கும் ஊரில் வான்வழி நெரிசலாக இருந்தால் வட்டமடித்தல் என்று பல உண்டு. இவற்றுக்கெல்லாம் சேர்த்து அரை மணியிலிருந்து முக்கால் மணி வரை ஒதுக்க வேண்டும். விமான நிறுவனங்கள் தாமதப் பெயரைத் தவிர்ப்பதற்காக அதற்குமேலும் சிறிது தாராளம் காட்டுவது வழக்கம். அரை மணி நேரம் பிந்திக் கிளம்பிய விமானம் சரியான நேரத்துக்குப் போய் நின்றால், விமானி விரட்டிக்கொண்டு போனார் என்று பெருமைப்படுவதற்கு முன் இந்தத் தாராளத்தையும் நினைத்துக்கொள்வது நல்லது.

குறுகிய பயணங்களில் இந்த ஒதுக்கீடே பயணத்தை விழுங்கிவிடும். திருச்சியிலிருந்து கொழும்பு சுமார் 420 கி.மீ.; அதற்கு ஒரு மணி நேரம் அளவுக்கு ஆகிறது. அரை மணிக் கணக்குத்தானே என்று நினைத்தால் ஏமாற்றம்தான். விமானம் முழு உயரத்துக்கு ஏறி முழு வேகத்தில் ஓடுவதற்குள் இறங்க வேண்டிய நேரம் வந்துவிடுகிறது. எனவே கிலோமீட்டரை 830-ஆல் வகுத்து, அதன்மேல் ஒரு 35 நிமிடம் கூட்டினால், காற்று குறுக்கிடாதவரை பக்கத்து நாடுகளுக்கான நேரம் கையில் கிடைத்துவிடும். தூரத்துக்கும் நேரத்துக்கும் ஒரே பக்கத்தில் விடை சொல்லும் இணையக் கணிப்பான்களும் பெரும்பாலும் இதுபோன்ற கணக்கைத்தான் செய்கின்றன. அவை பயன்படுத்தும் வேகம் ஒன்றுக்கொன்று மாறுபடுவதால், ஒரே இரண்டு ஊர்களுக்கு ஒன்றில் ஒரு நேரமும் இன்னொன்றில் வேறு நேரமும் காணப்படுகின்றன.

காற்று செய்யும் வேலை

இந்தக் கணக்கில் மிகவும் சுவையான பகுதி காற்றுதான்; மிகவும் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட பகுதியும் அதுவே. மேற்கிலிருந்து கிழக்கே வரும்போது நேரம் குறைகிறது, கிழக்கிலிருந்து மேற்கே போகும்போது கூடுகிறது என்பதைப் பலரும் கேள்விப்பட்டிருக்கிறார்கள். அதற்குப் பூமி சுழல்வதுதான் நேரடிக் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்வது உண்மை; திருச்சியில் நிற்கும் நாம் ஒவ்வொரு மணிக்கும் சுமார் 1,640 கி.மீ. வேகத்தில் கிழக்கே சுமந்து செல்லப்படுகிறோம். ஆனால் நம்மோடு காற்று மண்டலமும், ஓடுபாதையில் நிற்கும் விமானமும் அதே வேகத்தில் சேர்ந்தே சுழல்கின்றன. விமானம் மேலே எழும்பி நின்றால் பூமி அடியில் நழுவிப் போய், துபாய் தானாக வந்து சேரும் என்பது நடக்காத காரியம். அப்படி நடக்குமானால், ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்துக்கு மேலே பறக்கும் புறா ஒரு நிமிடத்தில் 27 கி.மீ. மேற்கே போய்க் கிடக்க வேண்டும்.

விமானத்தின் வேகம் என்று நாம் சொன்ன 830 கி.மீ., தரையை வைத்து அளந்தது அன்று. சுற்றியுள்ள காற்றை வைத்து அளந்தது. அந்தக் காற்றே ஓடிக்கொண்டிருந்தால் அதன் வேகமும் சேர்ந்துகொள்ளும் அல்லது கழிந்துகொள்ளும். காவிரியில் தண்ணீர் பெருகி ஓடும் நாளில், ஒரே மாதிரித் துடுப்புப் போட்டாலும், பரிசல் நீரோட்டத்தோடு விரைந்தும் நீரோட்டத்துக்கு எதிரே ஊர்ந்தும் போவதைப் போன்றது இது. பூமியின் நடு அட்சரேகைகளில், ஏறத்தாழ விமானங்கள் பறக்கும் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கே ஒடுங்கிய பெருங்காற்றோட்டம் ஒன்று ஓடுகிறது. அதை ஜெட் காற்றோட்டம் என்கிறார்கள். குளிர்காலத்தில் அதன் வேகம் மணிக்கு 200 கி.மீ.யைத் தாண்டுவது சாதாரணம். 2020 பிப்ரவரியில் சியாரா புயலின்போது, நியூயார்க்கிலிருந்து கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்று இந்தக் காற்றைப் பிடித்துக்கொண்டு, வழக்கமாக ஆறு மணிக்கும் மேல் ஆகும் லண்டன் பயணத்தை நான்கு மணி 56 நிமிடத்தில் முடித்தது. தரையை வைத்து அளந்த அதன் வேகம் மணிக்கு 1,300 கி.மீ.யைத் தாண்டியது.

இதில் ஒரு கணக்கு நுட்பம் இருக்கிறது. போகும்போது காற்றால் இழந்ததை வரும்போது அதே காற்றால் மீட்டுக்கொள்ளலாம் என்று தோன்றும். முழுவதுமாக மீட்க முடியாது. 12,000 கி.மீ. தூரத்தை 900 கி.மீ. வேகத்தில் போய்வர 26 மணி 40 நிமிடம் ஆகும். 200 கி.மீ. வேகத்தில் ஒரே திசையில் காற்று வீசினால், எதிர்த்துப் போக 17 மணிக்கும் சற்று மேல் ஆகிறது. சேர்ந்து வர 11 மணிக்கும் சற்றுக் குறைவாக ஆகிறது. கூட்டினால் 28 மணி. எதிர்க்காற்றில் விமானம் நீண்ட நேரம் மாட்டிக்கொள்கிறது, சாதகமான காற்றில் குறைந்த நேரமே இருக்கிறது. அதனால் இழப்பே மிஞ்சுகிறது.

குறுகிய தூரம் வேறு, குறுகிய நேரம் வேறு என்பதற்கு நம் நாட்டிலேயே தெளிவான சான்று உண்டு. ஏர் இந்தியாவின் டெல்லி - சான் பிரான்சிஸ்கோ விமானம் தொடக்கத்தில் மேற்கே அட்லாண்டிக் வழியாகப் பறந்துகொண்டிருந்தது. அந்த வழி சுமார் 13,900 கி.மீ. 2016 அக்டோபரில் அதைத் திசைமாற்றி, கிழக்கே பசிபிக் பெருங்கடல் வழியாக அனுப்பினார்கள். அந்த வழி சுமார் 15,300 கி.மீ., அதாவது 1,400 கி.மீ. கூடுதல். ஆயினும் பின்னாலிருந்து தள்ளிய காற்றின் உதவியால் விமானம் பதினான்கரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது; பழைய வழியைவிட ஏறக்குறைய இரண்டு மணி நேரம் குறைவு. நீண்ட தூர விமானத்தின் வழியை ஒவ்வொரு நாளும் அன்றைய காற்றைப் பார்த்துத்தான் வகுக்கிறார்கள். அதனால்தான் நேற்று ஜப்பான் பக்கம் போன விமானம் இன்று அலாஸ்காவை ஒட்டிப் போகிறது.

டெல்டாக்காரர்களுக்கு இதில் தனியான ஒரு பாடம் இருக்கிறது. நமக்கு மேலே எப்போதும் மேற்குக் காற்றுதான் ஓடும் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மேட்டூர் அணை ஜூன் 12-ஆம் தேதி வாக்கில் திறந்து, குறுவை நடவு முடிந்து, ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கும் மாதங்களில், தரைக்கு அருகே காற்று மேற்கிலிருந்து வீசுகிறது. அதே நாட்களில், அதே தஞ்சாவூருக்கு மேலே 12 முதல் 16 கி.மீ. உயரத்தில், காற்று நேர் எதிராகக் கிழக்கிலிருந்து மேற்கே பாய்கிறது. இதன் மையப் பகுதியில் வேகம் மணிக்கு 100 கி.மீ.யைத் தாண்டும். வெப்ப மண்டலக் கிழக்கு ஜெட் காற்று எனப்படும் இதை 1950-களில் அடையாளம் கண்டு விளக்கியவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம். விமானங்கள் பறக்கும் 11, 12 கி.மீ. உயரத்தில் இதன் அடிப்பகுதி தட்டுப்படுகிறது. அப்படி 60 கி.மீ. வேகத்தில் காற்று எதிர்த்தால், திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு வானத்தில் மட்டும் மூன்று மணி 52 நிமிடம் ஆகும். திரும்பி வரும்போது அதே காற்று தள்ளிவிட்டால் மூன்று மணி 21 நிமிடம் போதும். கிழக்கே போனால் சீக்கிரம் போய்விடலாம் என்ற பொது விதி, நம் ஊரில் ஜூன் முதல் செப்டம்பர் வரை தலைகீழாகிவிடுகிறது.

காற்றைத் தவிர அரசியலும் வழியை நீட்டும். 2022-இலிருந்து ஐரோப்பிய, அமெரிக்க விமானங்களுக்கு ரஷ்ய வான்வெளி மூடப்பட்டுக் கிடக்கிறது. 2025 ஏப்ரல் இறுதியில் இந்திய விமானங்களுக்குப் பாகிஸ்தான் தன் வான்வெளியை மூடியது. டெல்லியிலிருந்து மேற்கே போகும் விமானங்களை இது வெகுவாகப் பாதித்தது. அரபிக் கடலைக் கடந்து ஓமான் பக்கமாகப் போகும் திருச்சி - துபாய் வழியை அந்த அளவுக்குத் தொடவில்லை.

கடிகாரக் கணக்கு

பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்வதால் ஒரு மணி நேரத்துக்கு 15 பாகை. இந்திய நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையைக் கொண்டு அமைந்தது. எனவே கிரீன்விச் நேரத்தைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. பிற நாடுகள் இந்தப் பாகைக் கணக்கைத் தங்கள் வசதிக்கு ஏற்ப வளைத்துக்கொள்வது உண்டு. சிங்கப்பூர் இருக்கும் இடத்துக்குக் கிரீன்விச்சிலிருந்து ஏழு மணி நேர வேறுபாடே பொருந்தும்; ஆனால் 1982 முதல் எட்டு மணி நேரத்தையே பின்பற்றுகிறது. அங்கே காலை ஏழு மணிக்குத்தான் சூரியன் உதிக்கும் என்று ஊருக்கு வருபவர்கள் சொல்வதன் காரணம் இதுதான்.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கோடைக்காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைப்பார்கள். நியூயார்க் நம்மைவிட மார்ச் இரண்டாவது ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை ஒன்பதரை மணி நேரமும், மற்ற மாதங்களில் பத்தரை மணி நேரமும் பின்தங்கி இருக்கும். இதை மறந்துவிட்டு, போன முறை காலையில் எட்டரைக்கு இறங்கினாயே, இந்த முறை ஏழரை என்கிறாயே என்று கேட்கும் பெற்றோர் பலர். விமானம் வேகமாகப் போகவில்லை. அங்கே கடிகாரம் மாறியிருக்கிறது.

பசிபிக் பெருங்கடலின் நடுவே தேதிக் கோடு ஒன்றும் இருக்கிறது. சிங்கப்பூரில் காலை ஒன்பது மணிக்குக் கிளம்பி, சுமார் 13,600 கி.மீ. கடந்து சான் பிரான்சிஸ்கோ சென்றால், அங்கே அதே நாள் காலை, ஏறக்குறைய அதே மணிக்கு இறங்கலாம். பதினைந்து மணி நேரம் உட்கார்ந்திருந்தது உண்மை. கடிகாரத்தில் மட்டும் அது பதிவாகவில்லை. ஊருக்குத் திரும்பும்போது அந்த நாள் வட்டியின்றித் திரும்பப் பிடித்துக்கொள்ளப்படும்.

இணைப்பு விமானம் இருந்தால்

டெல்டாவிலிருந்து நியூயார்க் செல்பவருக்கு நேரடி விமானம் கிடையாது. எங்கே மாறுவது என்பதைத் தூரத்தை வைத்து முதலில் பார்க்கலாம். துபாய் வழியாகப் போனால் 2,940-உம், அங்கிருந்து சுமார் 11,020-உம் சேர்ந்து 13,960 கி.மீ. திருச்சிக்கும் நியூயார்க்குக்கும் உள்ள பெருவட்டத் தூரத்தைவிட 320 கி.மீ. மட்டுமே கூடுதல். சிங்கப்பூர் வழியாகப் போனால், அங்கிருந்து நியூயார்க்குக்கு நிற்காமல் பறக்கும் சுமார் 15,340 கி.மீ. பயணத்தையும் சேர்த்து 18,300 கி.மீ.யைத் தாண்டிவிடும். அந்த ஒரு பறப்பே பதினெட்டு மணி நேரத்துக்குக் குறையாது. டிக்கெட் விலை சில நூறு ரூபாய் குறைகிறது என்பதற்காக இவ்வளவு சுற்றுவது, என் கருத்தில், முதியவர்களை அனுப்பும் வீடுகளுக்கு ஏற்றதன்று.

இப்போது ஒரு முழு டிக்கெட்டைப் படித்துப் பார்க்கலாம். கோடைக்காலம், திருச்சியில் மாலை 6 மணிக்குப் புறப்பாடு. துபாயில் இரவு 8.45-க்கு வந்து சேர்கிறது. மறுநாள் அதிகாலை 2.30-க்கு அங்கிருந்து அடுத்த விமானம். நியூயார்க்கில் காலை 8.30-க்கு இறங்குகிறது. மூன்று ஊர்க் கடிகாரங்களும் கலந்து கிடப்பதால், எல்லாவற்றையும் முதலில் நம் கடிகாரத்துக்கு மாற்ற வேண்டும். துபாய் வந்து சேர்ந்தது நமக்கு இரவு 10.15, அங்கிருந்து கிளம்பியது நமக்கு அதிகாலை 4, நியூயார்க்கில் இறங்கியது நமக்கு மாலை 6. முதல் பறப்பு நாலே கால் மணி, காத்திருப்பு ஐந்தே முக்கால் மணி, இரண்டாவது பறப்பு பதினான்கு மணி. மொத்தம் சரியாக 24 மணி நேரம். எந்த டிக்கெட்டையும் இப்படி ஒரே கடிகாரத்துக்கு மாற்றிக்கொண்ட பிறகே கழிக்க வேண்டும்.

இந்த 24 மணி நேரமும் விமான நிலையத்துக்கு உள்ளே நடப்பது மட்டும்தான். நாகப்பட்டினத்திலிருந்து திருச்சி விமான நிலையத்துக்குக் காரில் வர மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. வெளிநாட்டுப் பயணத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக வந்துவிடச் சொல்கிறார்கள்; பெட்டி போடும் கவுண்டரைப் பொதுவாக ஒரு மணி நேரத்துக்கு முன்பே மூடிவிடுவதால் அது வீண் அச்சமும் அன்று. ஆக மாலை 6 மணி விமானத்துக்கு நாகையிலிருந்து நண்பகல் 12 மணிக்கு முன் கிளம்பியாக வேண்டும். நியூயார்க்கில் குடியேற்றச் சோதனை வரிசை, பெட்டி வருவது, அங்கிருந்து வீட்டுக்குப் போவது எல்லாம் சேர இன்னும் இரண்டு மூன்று மணி நேரம். அப்படியானால் வாசலிலிருந்து வாசல் வரை 32 அல்லது 33 மணி நேரம். சிங்கப்பூர் செல்பவருக்கோ நாலே கால் மணிப் பயணத்துக்கு முன்னால், நாகையில் வண்டி ஏறியதிலிருந்தே ஆறு மணி நேரம் கழிந்திருக்கும். ஒரு காலத்தில் நாகப்பட்டினம் துறைமுகத்திலேயே ரஜூலா கப்பலில் ஏறி, பினாங்கு வழியாக ஒரு வாரம் அளவுக்குக் கடலில் போனவர்களுக்கு இந்த ஆறு மணி நேரம் மட்டும் மிச்சம்.

இரண்டு விமானங்களையும் ஒரே டிக்கெட்டாக எடுத்திருக்கிறார்களா, தனித்தனி டிக்கெட்டா என்பதையும் நேரக் கணக்கோடு சேர்த்தே பார்க்க வேண்டும். ஒரே டிக்கெட்டாக இருந்தால், பெட்டி பொதுவாகத் திருச்சியிலிருந்தே கடைசி ஊர் வரை போய்விடும். முதல் விமானம் தாமதமானால் அடுத்த விமானத்தில் இடம் தருவது நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனி டிக்கெட்டாக இருந்தால், இடைப்பட்ட ஊரில் பெட்டியை எடுத்து, மறுபடி போட்டு, சோதனைகளைக் கடக்க வேண்டியிருக்கும். சில ஊர்களில் அதற்கு விசாவும் தேவைப்படும். அப்போது டிக்கெட்டில் ஐந்தே முக்கால் மணி என்று தெரியும் காத்திருப்பு நேரத்தில், முதல் விமானத்தின் தாமதத்தையும், அடுத்த கவுண்டர் மூடும் அந்த ஒரு மணி நேரத்தையும் கழித்துவிட்டு, மிஞ்சுவது எவ்வளவு என்று பார்த்த பிறகே பணம் கட்ட வேண்டும்.